முதல் கூச்சல்

சான்ட்ரிங்ஹாம் பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெரியவர் முழங்காலில் தைலம் தேய்த்தார். அந்த நெடி என்னைத் தொண்ணூறுகளின் நியூ லின் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டது.

ஈப்போவிலிருந்து இந்த நாட்டுக்குக் குடியேறிய அப்பாவும் சித்தப்பாவும் அங்கே சனிக்கிழமைகளில் மல்யுத்தம் நடத்தினார்கள். உடம்பெல்லாம் தைலம் பூசி, முகமூடி போட்டு வருகிற வில்லன் அப்பாதான். உள்ளூர்ப் பையன்கள் ஜெயிக்க வேண்டும், நடத்துகிற குடும்பம் தோற்க வேண்டும். அப்போதுதான் கூட்டம் வரும். கூட்டத்தில் உட்கார்ந்து, வில்லனை ஏமாற்றுக்காரன் என்று திட்டுகிற மாதிரி "சீட்டர்!" என்று முதல் கூச்சல் போடுவது அம்மாவின் வேலை. உடனே மண்டபமே கத்தும். என் வகுப்புப் பிள்ளைகளும் கத்துவார்கள். முகமூடிக்குள் யாரென்று அவர்களுக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

டிவியில் அமெரிக்க மல்யுத்தம் வந்ததும் கூட்டம் கரைந்தது. கடைசி சனிக்கிழமை அம்மா கத்தினாள், யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

"நீயாச்சும் கத்துலா," என்று என்னை இடித்தாள்.

"சீட்டர்!" என்று கத்தினேன். அத்தனை நாள் அவமானமும் அதில் இருந்தது.

"அப்படித்தான்!" என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"தைல மணம் ஒத்துக்கொள்ளேல்லையோ, பிள்ளை?" என்றார் பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்த பெரியவர்.

"ஆமா," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.