ஜிப்சம் பட்ட குருணை

நீங்கள் எங்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதனால் என் தங்கையின் கடலை உள்ளே பருப்பில்லாமல் பொக்காகப் போனது. கடலைக்கு என்னவெல்லாம் போடுவீர்கள் என்பதுதான் அந்தக் கேள்வி.

பங்குனியில் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு, மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் குருணைப் பாக்கெட்டோடு வந்த என்ஜினியர் நீங்கள். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒரு டம்ளரில் கேன் தண்ணீரை ஊற்றி ஒரு சிட்டிகை போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் டம்ளர் நிறைய வீங்கி நின்றது. நானோ அளவுக்கு நுணுக்கிய களிமண்ணும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, ஈரம் கண்டால் உறிஞ்சும், மண் காய்ந்தால் தண்ணீரை விடும் என்றீர்கள்.

"மண்ணோட நெலமயப் பாத்து அதுவா மாறிக்கும்மா. புத்தியுள்ள பொருள்."

"ஜவ்வரிசி மாதிரில்ல இருக்கு. பாயசம் வைக்கலாமா சார்?" என்றாள் என் தங்கை. எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான்.

எனக்கு ஓசியில் ஒரு பாக்கெட் கொடுத்தீர்கள். வீட்டு மல்லிகைச் செடிகளுக்குப் போட்டேன். சித்திரை வெயிலில் நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் கேட்கும் செடி பத்து நாள் தாங்கியது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வேலை செய்தது. அதனால்தான் தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன்.

அவளுக்குச் சொந்தமாகப் போர்க்கிணறு கிடையாது. பக்கத்து வயல்காரர் போரில் வாரத்துக்கு ஒரு நாள் முறைத் தண்ணீர். ஆடியில் குருணையைப் போட்டுக் கடலை விதைத்தாள். முதல் மாதம் செடி தளதளவென்று நின்றது.

"முறைய விட்டுக் குடுத்துரவாக்கா? போர்க்காரரு கேக்குறாரு."

"குடு. அதான் குருணை இருக்குல்ல" என்றேன். கொடுத்துவிட்டாள்.

பூத்து விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயம், காய் திரள்வதற்காக ஜிப்சம் தூவி மண் அணைத்தாள். இங்கே கடலை போடும் எல்லோரும் செய்வதுதான். அடுத்துப் பெய்த மழையில் ஜிப்சம் கரைந்து இறங்கியது. அதன் பிறகு குருணை தண்ணீரைப் பிடிக்கவே இல்லை. பத்து நாளில் செடி வாடியது. முறையைத் திருப்பிக் கேட்கப் போனாள்.

"மொளகா நட்டுட்டேனே தாயி, இப்ப எப்புடித் தர்றது?" என்றார் அவர். அவர் மேல் தப்பில்லை.

உங்களுக்குப் போன் போட்டேன். "அடடா, ஜிப்சம் போட்டீங்களா? அதுல இருக்குற கால்சியம் பட்டா குருணை சுருங்கிருமேம்மா" என்றீர்கள், கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பது போல. வீங்கிய குருணையில் நானும் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுப் பார்த்தேன். சுருண்டு டம்ளர் அடியில் உட்கார்ந்தது. மாறும் என்றீர்கள். எதையெல்லாம் கண்டு மாறும் என்று சொல்லவில்லை. பாக்கெட்டிலும் ஒரு வரி இல்லை.

செடியைப் பிடுங்கி உதறினோம். தங்கை ஒவ்வொரு காயாக நசுக்கிப் பார்த்தாள்.

"ஒன் ஜவ்வரிசிய நீயே பாயசம் வச்சுக் குடிக்கா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

என் தப்பை அவள் வாசலில் போய் நின்று ஒத்துக்கொண்டுவிட்டேன். உங்கள் தப்பைப் போனில் சொன்னால் போதாது. அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். டம்ளர் வைத்துக் காட்டிய அதே வாசலில் நின்று, அவள் காதில் விழும்படி மைக்கில் சொல்லுங்கள்: ஜிப்சம் பட்டால் சுருங்கும் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?