ஒருநாள் விட்டு ஒருநாள்

அந்த மழைக்காலத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் காய்ச்சல் புகாத காம்பராவே இல்லை. இலங்கையில் ரம்புக்கனைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் இருந்தோம். கை கால் மூட்டெல்லாம் வீங்கி ஆளுக்கொரு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்பதால் காய்ச்சலை நான் குறை சொல்லவில்லை. பிறகு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்துவிட்டோம், அம்மாவைத் தவிர.

தோட்டத்து மருந்துக்கார ஐயா கையைப் பிடித்துப் பார்த்து, காய்ச்சல் போய்விட்டது என்றார். போனது உண்மைதான். போகும்போது அம்மாவின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. மாதக்கணக்கில் அது திரும்பவில்லை. திடீரென்று ஒருநாள் முகம் தெளிந்து எழுந்திருப்பாள். உடனே மலைக்குப் போய் றப்பர் மரத்தில் பால் வெட்டி, வந்து விறகு பொறுக்கி, வீடு மெழுகி, விட்டுப்போன வேலையெல்லாம் ஒரே மூச்சில் முடிப்பாள். அப்புறம் நாலைந்து நாள் அசையமாட்டாள். லயத்துப் பெண்கள் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். கணக்கப்பிள்ளையோ இப்படியே போனால் தோட்டப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவதாகச் சொன்னார். ஒருமுறை பேர் போனால் திரும்பப் பதியமாட்டார்கள் என்று அம்மா அழுதாள்.

அப்பாவும் பால் வெட்டுகிறவர்தான். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுறோம். தெனம் வெட்டுனா பால் வத்திப்போகும். நீ மட்டும் எல்லாத்தையும் ஒரே நாள்ல கறக்கப் பாக்குற."

"நா என்னா றப்பர் மரமா?" என்று அம்மா தட்டைத் தள்ளினாள்.

அப்பா விடவில்லை. பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தைக்காரி ஒரு அக்கா இருந்தாள். அவளாலும் தினமும் மலைக்குப் போக முடியாது. அம்மா ஒருநாள், அவள் மறுநாள் என்று கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கி வந்தார். ஓய்வு நாளில் அம்மா வேலையில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள என்னைக் காவல் வைத்தார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் அல்லவா? அம்மா விளக்குமாற்றைத் தொட்டாலே லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"நீ எனக்குப் பெரிய கங்காணியா?" என்று ஒருநாள் அம்மா கம்பளிகளை வாரிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குத் துவைக்கப் போய்விட்டாள். நனைந்த கம்பளியோடு திரும்பி வரும்போது படிக்கட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. சோம்பல் என்று சொன்ன அதே பெண்கள்தான் அவளைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை, அம்மாவும்தான். ஒருநாள் மலை, மறுநாள் பாய். ஓய்வு நாளில் அப்பாதான் சமையல். இறந்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பதால் அந்தச் சோற்றைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுகிறேன். ஆனால் அம்மாவின் பேர் வெட்டுப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பும் சண்டையும் அவளிடம் திரும்பி வந்தன.

அடுத்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அம்மா பால்குடம் எடுத்தாள். ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை அந்த ஏற்றம் முழுவதும் நடந்தாள். அப்பா குறுக்கே நிற்கவில்லை, பக்கத்திலேயே நடந்தார். அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று நான் காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னேன்.

விடிந்து பார்த்தால் அம்மா மறுபடி பாயில் கிடந்தாள். மாரியம்மா ஏமாற்றிவிட்டாள் என்று நான் அழுதேன்.

"விழுவேன்னு தெரிஞ்சுதான் போனேன் புள்ள," என்றாள் அம்மா. "நாளைக்கு என் மொற. எந்திரிச்சிருவேன்."

சொன்னபடியே எழுந்து மலைக்குப் போகவும் செய்தாள். ஆனால் திருவிழாவுக்கு மறுநாள், கையைக்கூடத் தூக்க முடியாமல் படுத்திருந்தவள் அவ்வளவு திருப்தியாக எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.