வாள் என்று எழுதப்பட்ட கத்தி

மூன்று நாள் காய்ச்சல் விட்ட அன்று காலையில், மாட்டுப் பட்டிக்குப் போவதற்காகச் சாரத்தை உடுத்து, அரையில் வார்ப்பட்டியையும் இறுக்கிக்கொண்டு, இசுமாலெவ்வை ஆணியில் தொங்கிய கத்தியுறையை எடுத்தார். உறை பஞ்சுபோல் வந்தது. விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே கத்தி இல்லை.

"ஸம்ஸியா! என்ட கத்தி எங்க?"

ஸம்ஸியா அடுப்படியில் குந்தியிருந்து கருவாட்டைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தை அம்மியில் வைத்துத் தட்டியிருந்தாள். முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்திய பெண்சாதி வாயைத் திறக்க யோசித்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"உன்னத்தான் கேக்கிறன்."

"மருமகன் கொண்டு போய்க் குடுத்துட்டாரு. எல்லாக் கத்தியையும்தான். வெங்காயம் வெட்டவும் ஒண்டுமில்ல. சத்தம் போடாதீங்க, ரோட்டுல ஆமிக்காரன் நிக்கிறான்."

தேவாலயங்களில் குண்டு வெடித்த சித்திரை மாதம் அது. எங்கோ எவனோ செய்த பாவத்துக்குக் கல்முனைக்குடியில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. வாள், கத்தி வைத்திருப்பவர்கள் பள்ளிவாசலில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது இசுமாலெவ்வை இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். அந்த நேரம் பார்த்து மருமகன் பர்ஸான் ஆணியில் கை வைத்துவிட்டான்.

இசுமாலெவ்வை யாரென்றால், பட்டிக்கார மீராசாகிபின் இரண்டாம் பெண்சாதிக்குப் பிறந்த மூத்தவர். மாடு, எருமை என்று எழுபது உருப்படி, மேற்கே வயல் வட்டைக்கு அப்பால் பட்டியில் நின்றன. அவற்றின் தயிரில் கட்டிய கல்வீட்டை ஒரே மகள் றுஸ்தாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் ஸம்ஸியாவும் வளவின் பின்பக்கத்து இரண்டு அறைக்குள் போனார்கள். வந்த மாப்பிள்ளை பர்ஸான், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அச்சு மாதிரிக் கையெழுத்து. அவனுடைய வாப்பாவும் எழுத்தை நம்புகிற ஆள்தான். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் மாட்டைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்ப்பார்.

கத்தி யாரென்று சொல்லாவிட்டால் கோபம் விளங்காது. லொறியின் வில்லுத் தகட்டில் அடித்த கத்தி. நீளம் ஒரு சாணும் நாலு விரலும். மடங்காத கத்தி, இரும்பின் வால் விளாமரப் பிடிக்குள் கடைசிவரை ஓடியிருக்கும். வெள்ளம் வந்த வருடம் பிடி வெடித்தபோது பித்தளைக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். அதற்குப் பிறகு அது அசையவில்லை. முப்பத்தொரு வருடம் அவருடைய இடுப்பில் இருந்தது. பள்ளிக்குப் போகும்போதும் படுக்கும்போதும்தான் ஆணிக்குப் போகும்.

அதே வெள்ளத்தில் ஒரு சினை எருமை கழுத்துக் கயிறு மரக்கட்டையில் சிக்கித் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டிருந்தது. இசுமாலெவ்வை சுழியோடிப் போய் ஒரே இழுவையில் கயிற்றை அறுத்தார். இரண்டாவது இழுவைக்கு அவருக்கும் மூச்சில்லை, எருமைக்கும் மூச்சில்லை. பிறகொரு தடவை யானை முட்டிப் போட்ட பசு. மூச்சு இருக்கும்போது பிஸ்மி சொல்லி அறுத்தால் அது இறைச்சி. மூச்சுப் போனபின் அறுத்தால் பிணம். அந்த இரண்டுக்கும் நடுவில் கத்தி தேட நேரம் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், மாடுகளின் கண்ணில் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டிருந்து, அதைத் தீட்டுவார். கூடப்பிறந்த தம்பி கேட்டபோதும் இரவல் கொடுத்ததில்லை.

பக்கத்துப் பட்டிக்காரன் பாண்டிருப்புச் சுஜிந்தன் இதைச் சொல்லியே அவரைச் சீண்டுவான்.

"காக்கா, கத்திக்கும் மதினிக்கும் சண்ட வந்தா நீங்க எந்தப் பக்கம்?"

"கத்திப் பக்கம்தான். அது வாய் காட்டாது."

அப்படிப்பட்ட கத்தி. இசுமாலெவ்வை வெறும் உறையைப் பிடித்தபடி முன்வாசலுக்குப் போனார். பர்ஸான் கந்தோருக்குப் போக மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மருமகனை 'நீ' என்று சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கோபம் 'நீங்க' என்ற சொல்லுக்குள்ளேயே கிடந்து கொதித்தது.

"மருமகன், என்ட கத்தியில கை வெக்க ஆரு உங்களுக்குச் சொன்ன?"

"மாமா, நாட்டு நெலம உங்களுக்கு வெளங்கல்ல. ஒரு கத்தி புடிபட்டா என்ட வேல போயிரும்."

"மீன் வெட்டுற கத்தி?"

"அதும்தான்."

"கொடுவாக் கத்தி?"

"ஓம் மாமா. எல்லாம் குடுத்தாச்சு."

"அப்ப உங்கட மேச லாச்சிக்குள்ள, உங்கட காக்கா கட்டார்ல இரிந்து அனுப்பின மடக்குக் கத்தி?"

பர்ஸானின் துணி ஒரே இடத்தைத் துடைத்தது.

"அது சின்னது மாமா."

"அது சின்னதில்ல. அது உங்கட."

இரண்டு நாள் கழித்து றுஸ்தா அந்த மடக்குக் கத்தியைப் புருசனுக்குத் தெரியாமல் கொண்டுவந்து வாப்பாவின் கையில் வைத்தாள். பார்த்தால் வடிவுதான், மினுங்கியது. பட்டியில் சேறு போய் அதன் மூட்டுக்குள் இறுகியது. கன்றின் கயிற்றை அறுக்கப் போனபோது அது கயிற்றை விட்டுவிட்டு அவருடைய சுட்டுவிரலில் மடங்கியது. எலும்பு தெரிந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் மகளிடம் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தா கிளி, உன்ட மாப்புளக்கிட்டக் குடு. ஆள் மாதிரியே சாமானும். தேவப்படுற நேரம் மடங்குது."

நோன்பு தொடங்கிய கிழமை, பட்டியில் சுஜிந்தன் ஒரு பேப்பரை மடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"காக்கா, இஞ்ச வாங்க! உங்கட கத்தி பேப்பர்ல வந்திரிக்கி!"

படத்தில் ஒரு நீள மேசை. அதன்மேல் மீன் கத்திகள், கொடுவாக் கத்திகள், யாரோ ஒரு கிழவியின் பாக்குவெட்டி, ஓடாவியார் மரம் அரியும் வாள். நடுவில், பித்தளைக் கம்பி மூன்று சுற்றோடு, அவருடையது. கீழே எழுதியிருந்ததைச் சுஜிந்தன் வாசித்தான்.

"பள்ளிவாசலில் நூற்றுப் பன்னிரண்டு வாள்கள்."

"வாளா? எதுடா வாள் இதுல?"

"ஓடாவியார்ர வாள் ஒண்டு இரிக்கே காக்கா" என்று சிரித்த சுஜிந்தன், அவருடைய முகத்தைப் பார்த்துப் பேப்பரை மடித்துவிட்டான்.

இசுமாலெவ்வை பட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வந்தார். பள்ளி நிர்வாகம் பார்க்கும் நம்பிக்கையாளர் சாலிஹ் ஹாஜியார் தயங்கித் தயங்கிப் பொலிசுக்குக் கொடுத்த பட்டியலின் பிரதியை எடுத்துக் காட்டினார். அச்சு மாதிரிக் கையெழுத்து. மூன்றாம் வகுப்பு வரை படித்த இசுமாலெவ்வை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். பெயர். அடையாள அட்டை இலக்கம். மூன்றாவது கட்டத்தின் தலையில் 'வாள் / கத்தி' என்று ஒன்றாக எழுதி, அதன்கீழே வரிசையாகச் சரி அடையாளம். பட்டியலை எழுதியவன் ஒலிபெருக்கியில் சொன்னதை அப்படியே தலைப்பாக்கியிருந்தான். பொலிசில் அதைச் சிங்களத்தில் பெயர்த்தவன் முதல் சொல்லை எடுத்தான். மற்றச் சொல்லை விட்டான். ஊரின் அடுப்படி முழுக்க வாளாகிப் போனது.

"இத எழுதினது..."

"உங்கட மருமகன்தான். ஆளுக்கு நல்ல எழுத்து" என்றார் ஹாஜியார்.

அன்று நோன்பு திறந்த கையோடு, ஈத்தம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு, இசுமாலெவ்வை கேட்டார்.

"மருமகன், வாள் வேற, கத்தி வேற எண்டு உங்களுக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல்லயா?"

"சனம் வரிசையில நிண்ட மாமா. ரெண்டு கட்டம் கீற நேரமில்ல."

"ஒரு கோடு, மருமகன். ஒரேயொரு கோடு."

"வாப்பா, நோன்போட..." என்றாள் றுஸ்தா.

"நோன்போடதான் சொல்லுறன். நூத்திப் பன்னிரண்டு வீட்டாளுகளையும் ஒரு சரி போட்டு வாள்காரனாக்கிட்டாரு உன்ட மாப்புள."

அன்றிலிருந்து முன்வீட்டில் அவர் சாப்பிடவில்லை. பெருநாளுக்கும் போகவில்லை.

எட்டு மாதம் கழிந்தது. வீட்டுப் பாவனைக் கத்திகளை உரியவர்கள் அடையாள அட்டையோடு வந்து எடுக்கலாம் என்று பொலிசிலிருந்து அறிவித்தல் வந்தது. ஊரில் அநேகம் பேர் போகவில்லை. கத்தி போனால் போகட்டும், பெயர் பதியாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள். இசுமாலெவ்வை போனார். சிங்களம் கதைக்கப் பர்ஸானையும் கூட்டிக்கொண்டு போனார். கேட்கவில்லை, "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சார்ஜன்ட் கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிடியில் இலக்கத் துண்டு கட்டியிருந்தது. அலகு முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. இசுமாலெவ்வை கையை நீட்டினார். சார்ஜன்ட் கத்திக்கு முன்னால் புத்தகத்தைத் தள்ளினார்.

"ஐயா, சைன் பண்ணுங்க. எடுத்திட்டுப் போங்க."

"என்ன எழுதிரிக்கி, மருமகன்?"

"ஒப்பத்தப் போடுங்க மாமா. வேல முடியட்டும்."

"எழுதிரிக்கிறத வாசிங்க."

பர்ஸான் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினான். "கடுவ ஒண்டு எண்டு."

"கடுவ எண்டா?"

"வாள்."

சார்ஜன்ட் கெட்ட மனுசனில்லை. தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "பொத்துல உள்ளதத்தான் குடுக்க ஏலும் ஐயா. கடுவ எண்டு இரிக்கி. கடுவ எண்டு சைன் பண்ணுங்க. ஒரு பிரச்சினையும் இல்ல."

"உங்களுக்குப் பிரச்சின இல்ல. இதுல நான் ஒப்பம் வெச்சா, வாள் வெச்சிரிந்தன் எண்டு நானே சொன்ன மாதிரி. நாளைக்கு எவனாவது இந்தப் பொத்தகத்தத் தூக்கிக் காட்டுவான். முப்பத்தொரு வருசத்துல இந்தக் கத்தி கயிறு அறுத்திரிக்கி, மாடு அறுத்திரிக்கி. மனிசன அறுக்கல்ல!"

பர்ஸான் மாமாவின் காதருகே குனிந்தான். "மாமா, கத்தி வேணுமெண்டா ஒப்பத்த வைங்க. இல்லாட்டி இது இஞ்சயே கிடந்து உக்கிரும்."

இசுமாலெவ்வை கத்தியைப் பார்த்தார். பித்தளைச் சுற்று பச்சை பிடித்திருந்தது. ஒரு ஒப்பம் வைத்தால் இன்றைக்கே இடுப்பில் இருக்கும். பேனையை எடுத்தார். சார்ஜன்ட்டுக்கு ஆறுதல். அவர் குனிந்து, தன் பெயருக்கு நேரே இருந்த சிங்களச் சொல்லைக் குறுக்கே வெட்டிவிட்டு, பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பேனை கிழிய அழுத்தி எழுதினார்: கத்தி.

சார்ஜன்ட் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு எழும்பினார். முகம் சிவந்து, பர்ஸானைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ அதட்டினார். அந்தச் சொல்லைப் பர்ஸான் பெயர்த்துச் சொன்னான்.

"பிஹிய, சேர். கத்தி எண்டா பிஹிய."

அடுத்த கேள்வி இன்னும் சத்தமாக வந்தது. இசுமாலெவ்வைக்குக் கேள்வி விளங்கவில்லை. மருமகனின் முகம் விளங்கியது. அப்படியென்றால் வாள் என்று எழுதினது யார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பர்ஸான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா பேனையை மேசையில் வைத்தார். வேண்டுமென்றே உதவிக்கு வரவில்லை.

கடைசியில் பர்ஸான் தன் நெஞ்சில் விரலை வைத்தான்.

வாக்குமூலம் எழுத இரண்டு மணித்தியாலம் போனது. பெயர், கந்தோர், பதவி எல்லாம் கேட்டார்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு சொல்லை எழுதியது தன் பிழை, அன்று வந்ததெல்லாம் வீட்டுக் கத்தி, வாள் என்று வந்தது மரம் அரியும் வாள் ஒன்றுதான் என்று பர்ஸான் எழுதிக் கொடுத்தான். அவனுடைய அச்சு எழுத்துக் கோணிக்கொண்டு போனது. இசுமாலெவ்வை சுவரோர மர வாங்கில் இருந்து கடைசி ஒப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். இரக்கம் வரவில்லை.

"இப்ப கத்தியத் தாங்க" என்றார் எழும்பி.

சார்ஜன்ட் தலையை ஆட்டினார். "இப்ப ஏலாது ஐயா. பொத்து மாறினா கோட்டுல நீதவான் சைன் பண்ணணும். ரெண்டு மாசம், மூணு மாசம் போகும்."

பர்ஸான் தலையில் கை வைத்தான். இசுமாலெவ்வை மேசைக்குக் கிட்டப் போய், கத்தியின் அலகில் பெருவிரலை ஓட்டி, வந்த துருவைச் சார்ஜன்ட்டின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"சரி, வெச்சிக்கங்க. ஆனா தேங்காயெண்ண பூசி வைங்க. அடுத்த தரம் நான் வரக்குள்ள இதுல இன்னும் ஒரு பொட்டுத் துரு இரிந்திச்சோ, உங்களத்தான் கேப்பன். மருமகன், இத அவருக்குச் சிங்களத்துல சொல்லுங்க. ஒரு சொல்லும் விடாமச் சொல்லுங்க."