குண்டாற்று மணலில் கூடிய கூட்டம்

தலைமன்னாரில் கப்பலேறியபோது என் பெட்டியில் பதினான்கு பக்கச் சொற்பொழிவு ஒன்று இருந்தது. அதை நான் வாசிக்கவே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு அதில் பெரிய சந்தோஷம்.

எழுபதுகளின் தொடக்கம், மாசி மாதம். யாழ்ப்பாணத்து வாசிகசாலைச் சங்கங்கள் சிலவும் திருச்சுழிப் பக்கத்துக் கிராம மன்றங்களும் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. இங்கிருந்து ஒருவர் அங்கே போய்ப் பத்து நாள் தங்குவது, அங்கிருந்து ஒருவர் இங்கே வருவது. ஊர் வேலைகளில் சனங்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவர வேண்டும். எங்கள் பக்கத்தில் என்னைத் தெரிவு செய்தார்கள். வாய் நீளம் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

ராமேஸ்வரத்தில் இறங்கி, மானாமதுரையில் ரயில் மாறி, திருச்சுழி வந்து சேர மாலை நான்கு மணி. ஊர்ப் பெண்கள் நலம் பார்க்கும் அரசு ஊழியர், கிராம சேவிகா ராஜம்மாள் காத்திருந்தார். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், இரண்டிலும் ஒரே வேகம். பதினைந்து காசு டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, மூன்று மைல் நடப்பீர்களா என்று கேட்டார். நடந்தோம். இருபுறமும் கரிசல் காடு, பருத்தி வெடித்துக் கிடந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் தலைவர் கோபித்துக்கொள்வார்.

மாலை ஆறரைக்கு வரவேற்பு. ஊராட்சித் தலைவர் எனக்கு மாலை போட்டார். ஊருக்கு ஒரு குடிநீர்க் கிணறு அனுமதியாகியிருந்தது. தம்முடைய மேலத் தெருவில் வெட்டலாம் என்றார் தலைவர். நான் சும்மா இருப்பேனா? சனங்களைக் கேட்போம், சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். தலைவர் தூக்கினார், பின்னால் அத்தனை ஆண்களும் தூக்கினார்கள். 'ஏகமனதாக' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ராஜம்மாள் அதைப் பார்த்தார்.

"காலையில அஞ்சரைக்கு ஆத்துக்கு வாங்க சார்" என்றார்.

ஐந்தரைக்குப் போனேன். குண்டாற்றில் தண்ணீரே இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். பெண்கள் இடுப்பளவு ஊற்றுத் தோண்டி, சுரக்கிற நீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். கீழத் தெரு வெள்ளையம்மாவிடம், இனி இந்தப் பாடு இல்லை, கிணறு முடிவாகிவிட்டது, எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"கை தூக்குனவுகள்ல ஒருத்தராச்சும் கொடம் தூக்குவாகளா சார்?"

பிறகு பொறுமையாக விளக்கினார். மேலத் தெருக் கிணற்றில் கீழத் தெருக்காரர் கயிறு போட முடியாது. அங்கே வெட்டினால் அவரும் அவர் மகளும் ஆயுசுக்கும் இந்த மணலைத்தான் தோண்ட வேண்டும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடிக்கோட்டோடு சேர்த்து அந்தப் பக்கத்தையே கிழித்தேன்.

உடனே தலைவரிடம் போய்ப் பேசுகிறேன் என்று குதித்தேன். ராஜம்மாள் தடுத்தார். நீங்கள் பேசினால் விருந்தாளிக்காகத் தலையாட்டுவார். கூட்டத்தையே இங்கே, இந்த நேரத்துக்குக் கொண்டுவருவோம் என்றார். தம் தெருப் பெண்கள் கீழத் தெருவோடு ஒரே கிணறு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தலைவர் மறுத்தார். அதையும் அங்கேயே வந்து கேளுங்கள் என்றார் ராஜம்மாள். இரண்டு நாள் விடாமல் நச்சரித்தார்.

மூன்றாம் நாள் காலை தலைவர் குடையோடு வந்தார், பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். சும்மா நின்றவர் கையில் யாரோ ஒரு சிரட்டையைக் கொடுத்தார்கள். மனிதர் நல்லவர், குழிக்குள் இறங்கிவிட்டார். அரைக் குடம் கோருவதற்குள் வேட்டியெல்லாம் சேறு, மூச்சு வாங்கியது. ஆறே சிரித்தது. அப்போது பக்கத்துக் குழியிலிருந்து ஒரு பெண் எழுந்தார். தலைவரின் மனைவி!

"பொம்பளைக ஒத்துக்கிற மாட்டாகன்னு சொன்னீகளாமே, என்னைய எப்பக் கேட்டீக? வெள்ளையம்மா ஊத்தும் என் ஊத்தும் ஒரு கை தூரந்தான். ரெண்டு தெருவுக்கும் நடுவுல வெட்டுங்க."

தலைவர் அரைக் குடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நடுவிலேயே வெட்டுவோம் என்றார். மூன்று ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து போட்ட குலவையில் நான் அழுதேவிட்டேன்.

புறப்படும் நாளில் நடு இடத்தில் வேலை தொடங்கியது. தலைவர் மாலை சுற்றிய கடப்பாரையை என்னிடம் நீட்டினார். முதல் கொத்து நான் போட வேண்டுமாம். நானும் ஆசையாகக் கையை நீட்டினேன். வெள்ளையம்மா குறுக்கே வந்தார்.

"கோவிச்சுக்கிறாதீக சார். நீங்க நாளைக்குக் கப்பலேறிருவீக. இது தூந்து போனா நாங்கதான் தோண்டணும். மொதக் கொத்தும் எங்களுதாவே இருக்கட்டும்."

கையை இழுத்துக்கொண்டேன். அவரும் தலைவர் மனைவியும் கடப்பாரையைச் சேர்ந்து பிடித்து இறக்கினார்கள். நான் ஓரமாக நின்று கை தட்டினேன்.

எங்கள் ஊர் வாசிகசாலைச் சுவரில் அடிக்கல் நாட்டிய பிரமுகரின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறோம். மண் சுமந்த எங்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. என் பெயராவது இருந்திருக்கலாம் என்ற குறை எனக்கு வெகுகாலம் இருந்தது. திரும்பி வந்த பிறகு அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம், நல்லவேளை, அது என் பெயர் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.