ஜாஸ்தி என்றால் மிதி

வயர் இல்லாமல் கிட்டார் வாசிக்கும் ஆசை எனக்கு வந்ததே கோபத்தில்தான். எங்கள் மெல்லிசைக் குழுவில் என் இடம் எப்போதும் பின்வரிசையில், திரையை ஒட்டி. வயர் பத்தடிதான், அதற்கு மேல் விடாது. குழுத் தலைவர் ஒருநாள் பட்டென்று சொல்லிவிட்டார்: "உன் கிட்டாரு யாருக்குபா கேக்குது? குடியாத்தம் ரிசப்ஷன்தான் உனக்குக் கடைசி. அப்புறம் அக்கார்டியன் வெச்சிக்கலாம்னு இருக்கேன்."

பகலெல்லாம் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியோடு கிடந்துவிட்டு, சாயங்காலம் குளித்து, பவுடர் அடித்துக்கொண்டு ஓடி வருகிறவன் நான். அந்தக் குழுதான் எனக்கு உயிர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எங்கள் குழுவில் பாங்கோஸ் தட்டுகிறவர் ஆம்பூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர், என் தோஸ்த். ஒரு சோப்பு டப்பாவுக்குள் குட்டி டிரான்ஸ்மிட்டர் செய்து என் கிட்டார் வாரில் கட்டிவிட்டார். சத்தம் காற்றில் போய் மேடையிலிருக்கும் எஃப்எம் ரேடியோவில் விழும். அங்கிருந்து, பலகையில் திருகி வைத்த இரண்டு பெடல்கள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். ஒரு பெடலை மிதித்தால் கிட்டார் உறுமும், இன்னொன்றை மிதித்தால் 'வா வா' என்று அழும். ரேடியோ வால்யூம் ஒரு நூல் கூடினாலும் கிறீச்சிடும் என்று, திருகில் தன் சம்சாரத்தின் நகப்பாலீஷால் புள்ளி வைத்திருந்தார் மனிதர்.

இவ்வளவும் யோசித்த இரண்டு மேதாவிகளும் ஒன்றை யோசிக்கவில்லை. நான் கூட்டத்துக்குள் நடந்தால் பெடலும் கூடவே நடக்குமா? குடியாத்தம் மண்டபத்துக்குப் போன பிறகுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து பாங்கோஸ் வாசிக்கிறவருக்குக் கால் சும்மாதானே இருக்கிறது? "நான் ஜாஸ்தின்னு கத்துனா ஒண்ண மிதி, திரும்பக் கத்துனா இன்னொண்ணையும் மிதி, கம்மின்னா எடு" என்றேன். தோல் கம்பெனியில் சுண்ணாம்பு போடும்போது ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தைகள், தப்பே வராது என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டில் மேடையை விட்டு இறங்கினேன். பிள்ளைகள் என் பின்னால் வந்து வயரைத் தேடினார்கள். கடைசி வரிசைக்குப் போயிருப்பேன், நான் வாயே திறக்கவில்லை, முன்வரிசையில் கல்யாணப் பெண்ணின் அப்பா காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "சத்தம் ஜாஸ்தி!"

கிட்டார் உறுமியது.

"யோவ், ஜாஸ்திய்யா! ஜாஸ்தி!"

'வா வா'வும் சேர்ந்துகொண்டது. "கம்மி! கம்மி!" என்று அலறினேன். என் கிட்டாரே என் குரலை விழுங்கிவிட்டது. வாசிப்பை நிறுத்தினால் பாட்டு கவிழ்ந்துவிடும் என்பதால் வாசித்துக்கொண்டே மேடைக்கு ஓடினேன். பெண் வீட்டுத் தறியில் நெய்கிற பையன்கள் அதையும் ஆட்டம் என்று நினைத்து, விசிலடித்துக்கொண்டு என்னோடு ஓடினார்கள்.

கச்சேரி முடிந்ததும் பெண்ணின் அப்பா நேராகத் தலைவரிடம் போனார். "காது போச்சு" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஆனா நம்ம தறிப் பசங்க இப்படி ஆடி நான் பாத்ததே இல்ல. ஆடி மாசம் கோயில்ல கூழு ஊத்துறப்போ இந்தப் புள்ளையையே கூட்டிகினு வாங்க." தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த இடத்திலேயே அழுதிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

சாமான் கட்டும்போது தோஸ்தைப் பிடித்துக்கொண்டேன். "பொண்ணோட அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொல்றாருன்னு கூடவா புரியல உனக்கு?"

"மொத தடவ புரியல. ரெண்டாவது தடவ புரிஞ்சிடுச்சி."

"அப்புறம் இன்னாத்துக்கு மிதிச்ச?"

அவர் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மண்டபமே உன்னைத் திரும்பிப் பாத்துகினு இருக்குது. நான் எப்பிடிபா காலை எடுப்பேன்?"