தமிழில் கேட்டுப் பாருங்கள் என்று நின்ற அம்மா

எங்கள் அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், ஐந்து பெண்கள் இருந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தார். நன்றாகப் படித்தவரை இடையில் நிறுத்திக் கலியாணம் செய்து வைத்தார்கள். எண்பதுகளின் நடுவில், போரில் விழுந்த ஷெல்லடிக்குத் தப்பி, எட்டு வயதான என்னையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தார். அப்பா முன்னரே வந்து வெம்பிளியில் ஓர் அறை எடுத்திருந்தார். பொறுமையானவர், அடக்கமானவர் என்று மறைந்தவரைப் பற்றிய குறிப்பில் இவ்விடத்தில் எழுதுவது வழக்கம். எங்கள் அம்மா அடக்கமானவர் அல்லர். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதுமில்லை.

என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியையிடம் அம்மா, தெரிந்த ஆங்கிலத்தில், "இனி இது உங்கள் பிள்ளை, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்றார். ஊரில் எந்தத் தாயும் ஆசிரியரிடம் சொல்வது அதுதான். அந்த அம்மையாரோ அதை, பள்ளி எது செய்தாலும் சம்மதம் என்று கோப்பில் எழுதிக்கொண்டார். சில நாளில் பிள்ளைகளைச் சோதிக்கும் ஒருவர் வந்து, படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். பனிமனிதனை நான் எங்கே கண்டேன்? பெரியவர் முன் நிற்கும் முறைப்படி தலையைக் குனிந்து நின்றேன். படிக்க இயலாத பிள்ளை என்று எழுதித் தனி அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இண்டைக்கு என்ன படிச்சனி?" என்று ஒரு பின்னேரம் அம்மா கேட்டார்.

"மணி கோத்தனான்."

"நேற்று?"

"நேற்றும் மணிதான் அம்மா."

ஊரில் பெரிய பெரிய பிரித்தல் கணக்கெல்லாம் செய்தவள் நான். அம்மாவுக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. மறுநாள் சான்ட்விச் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிய, வெங்காய மணத்தோடு நேரே பள்ளிக்குப் போனார். பக்கத்து அறையில் இருந்த மாலினி அக்கா மொழிபெயர்க்கக் கூடப் போனார். தலைமையாசிரியை கோப்பை விரித்து, "நீங்கள்தானே சம்மதித்தீர்கள்" என்றார்.

"படிப்பிக்கச் சொன்னனான். ஒதுக்கி வைக்கச் சொல்லேல்லை!" என்றார் அம்மா. "பிள்ளையைத் தமிழில கேட்டுப் பாருங்கோ. அதுக்குப் பிறகு படிக்கேலாத மொக்கெண்டு எழுதுங்கோ."

அப்படிச் சோதிக்க விதியில்லை என்று பதில் வந்தது.

"இல்லாட்டி விதியை மாத்தச் சொல்லு மாலினி."

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அம்மா பள்ளி அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார். பெரியப்பா வீடு தேடி வந்து, "வந்த இடத்தில எங்களுக்கு ஏன் பிள்ளை இந்த வேலை? வாயை மூடிக்கொண்டு இரும்" என்றார்.

"வாயை மூடிக்கொண்டு இருந்ததுக்குத்தானே அத்தான் இவளை மொக்கெண்டவை?" என்றார் அம்மா. பெரியப்பா தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

கடைசியில் பள்ளிக்காரர் சலித்துப்போய் ஒருநாள் இணங்கினார்கள். மாலினி அக்கா தமிழில் கேட்கக் கேட்க, பலகையில் கணக்கைச் செய்து காட்டினேன். அடுத்த திங்கட்கிழமை என் வகுப்புக்குத் திரும்பினேன். ஆனால், இந்தப் பிள்ளைக்கு மட்டுமே இந்தச் சலுகை என்றார்கள். அம்மாவுக்கு அது வெற்றியாகவே படவில்லை. தொண்ணூறுகளிலும், புதிதாக வந்த பிள்ளைகளின் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு அதே பள்ளிக்கும், பள்ளிகளுக்குப் பொறுப்பான கவுன்சிலுக்கும் நடந்தார். எல்லாப் பிள்ளைகளையும் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்று கவுன்சிலுக்குக் கடிதமும் போட்டார். புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும், "கவுன்சில்காரர் பதில் போட்டவையோ?" என்றுதான் கேட்டார். போடவில்லை. இன்னும் போடவில்லை.

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிவரை கூட நின்ற மாலினி அக்காவுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், மனத்தாங்கலை மறந்து வந்து தோள் கொடுத்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடுத்த புதன், அந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். போன மாதம் வந்த ஒரு சிறுமி இப்போது அந்தத் தனி அறையில் இருக்கிறாள். நான் அவளுடைய தாயோடு போகிறேன். அம்மாவுக்காக ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள் பூ அனுப்ப வேண்டாம். அங்கே வந்து உட்காருங்கள்.