செபா அண்ணையின் தோடி

நல்லூரில் ஒரு கலியாண வீடு. பந்தலடியில் அமர்ந்து நான் நாதஸ்வரத்தின் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தபோது செபஸ்தியான் அண்ணையின் மைத்துனர் சைக்கிளில் வந்தார். மங்கல காரியம் நடக்கும் வீடு என்பதால் வாசல் படலைக்கு வெளியே நின்றே கையசைத்துக் கூப்பிட்டார்.

“அத்தான் விடியப்புறம் மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டு சொன்னவர், அவ்வளவுதான், உயிர் போயிட்டுது.”

நான் திரும்பிப் போய் முகூர்த்தத்துக்கு வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று கேட்டால் இன்று சொல்லத் தெரியாது.

குருநகர் செபா என்றால் உங்களில் பலர் அறிவீர்கள். ரொக் இசையின் முழக்கத்துக்கு நடுவே, கீபோட்டில் எங்கள் இராகங்களைக் கொண்டுவந்து இருத்திய மனிதர். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனத்தோடு அவரும் இறங்கினார். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வாசித்தவர். அவருடைய ஓர்கன் வீட்டோடு எரிந்துபோயிருந்தது. அளவெட்டியிலிருந்து சோற்றுப் பொதிகள் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். கோயிலில் வாசித்துவிட்டு நேரே போனதால் நாதஸ்வரம் தோளில் இருந்தது. பொதியை வாங்கியவர் அதையே பார்த்தார்.

“நீர் நாயனக்காரரே?”

“ஓம்.”

“தோடிக்குக் கீழை கிற்றாரை உறும விட்டால் எப்பிடி இருக்கும் எண்டு எப்பவாவது யோசிச்சனீரே?”

உடுத்த உடுப்போடு வந்து நிற்கிற ஒருவர் கேட்கும் கேள்வியா இது என்று திகைத்தேன். பிறகு எங்கே கண்டாலும் என்னை ‘நாயனம்’ என்றே கூப்பிட்டார்.

வெளிநாட்டிலிருந்த அவருடைய தம்பி அனுப்பிய கீபோட் வந்த பிறகு குருநகர் இளைஞர்களோடு ஒரு குழு தொடங்கினார். என்னையும் இழுத்துக்கொண்டார். நாங்கள் முதல் மாதம் முழுக்கச் சண்டைதான் பிடித்தோம். தோடியில் காந்தார சுரம் அசைந்து அசைந்து வரவேண்டும். “உங்கடை காந்தாரம் மரக்கட்டை மாதிரி நிக்குது, அண்ணை. அசையேல்லை” என்பேன். கீபோட்டின் ஓரத்தில் சுரத்தை வளைக்கும், உருட்டக்கூடிய சிறிய சில்லு ஒன்று இருந்தது. இடது பெருவிரலை அதில் வைத்து அவர் பழகிய பழக்கத்தில் விரல் கொப்பளித்து உரிந்தது. ஒரு மாலை, காந்தாரம் அசைந்தது. “இப்ப ஏன் வாய் பேசாமல் இருக்கிறீர்?” என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரு முருகன் கோயில் திருவிழாவில் அதை மேடையேற்றினோம். தோடி ஆலாபனையின் நடுவே கிற்றார்கள் உறுமத் தொடங்கியதும் சனத்தில் பாதி எழும்பிப் போனது. நிறுத்தச் சொல்லி நிர்வாகத்தார் சைகை காட்டினார்கள். நான் நாதஸ்வரத்தை இறக்கப் பார்த்தேன். அவர் என் பக்கம் குனிந்து, “போறவை போகட்டும், நாயனம். இருக்கிறவைக்கு வடிவாய் வாசிப்பம்” என்றார். முடிந்த பிறகு நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் மேடைக்கு வந்தார். “தம்பி, தோடி தோடியாய்த்தான் இருந்தது. சத்தந்தான் கொஞ்சம் கூட.” பிற்காலத்தில் எவ்வளவோ பேர் பாராட்டினார்கள். செபா அண்ணை எடுத்துச் சொன்னது அந்த ஒரு பாராட்டைத்தான்.

தொண்ணூறில் போர் மீண்டும் வெடித்து யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. கீபோட்டைத் துணியால் மூடிவைத்துவிட்டு, மாதா கோயிலின் பழைய மிதி ஓர்கனுக்குப் போய்விட்டார். “கரண்ட் இல்லாட்டி என்ன, கால் இருக்குத்தானே” என்றார். பூசை முடிந்து சனம் கலையும்போது, அந்த மர ஓர்கன் உடைந்துவிடுமோ என்று பயப்படும்படி ரொக் வாசிப்பார். பங்குச் சுவாமியார் கேட்காதவர் போல மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருப்பார்.

கலியாண வீட்டிலிருந்து நான் குருநகருக்குப் போனபோது, அவருடைய மனைவி திரேசா அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தன்னை அடக்கம் பண்ண எடுக்கேக்கை கோயிலுக்குள்ளை நீர் தோடி வாசிக்க வேணும் எண்டு எப்பவும் சொல்லுறவர். உம்மாலை ஏலாட்டி நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.”

எங்கள் வழக்கத்தில் நாதஸ்வரம் மங்கல வாத்தியம். சாவீட்டில் வாசிப்பதில்லை. என் தமையனார் அன்று வீட்டில் சத்தம் போடாமல்தான் கதைத்தார். “செத்தவருக்கு ஊதினவன் எண்டு பேர் வந்தால், உன்னை ஆர் கலியாணத்துக்குக் கூப்பிடப்போகினம்? பிள்ளையளை யோசி.” அவர் சொன்னதில் பிழை இல்லை.

அடுத்த நாள் மாதா கோயிலுக்குள் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று வாசித்தேன். முதல் பிடியிலேயே மூச்சு உடைந்தது. நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். காந்தாரத்துக்கு வந்தபோது முன்வரிசை வாங்கில் இருந்த திரேசா அக்கா கண்ணை மூடினார். அதன் பின் எனக்குப் பயம் இருக்கவில்லை.

தமையனார் சொன்னது நடந்தது. பேசி வைத்திருந்த ஒரு கலியாண வீட்டார் வேறு ஆளைப் பிடித்தார்கள். போன கிழமை இன்னொரு பெண்ணின் தகப்பன் வந்து, தயங்கித் தயங்கி, “மாதா கோயிலிலை பிரேதத்துக்கு வாசிச்சது நீங்கள்தானே?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். என் குரல் தாழவில்லை. ‘போறவை போகட்டும்’ என்ற செபா அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.